குடிநீர், சூரணம், தைலம்: எதை வீட்டில் செய்வது, எதை வாங்குவது?

நாட்டு மருந்துக் கடையின் முன் நிற்பவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வேர், பட்டை, காய், விதை என்று முழுச் சரக்காக வாங்கி வந்து, வீட்டிலேயே சுத்தி செய்து, இடித்து, காய்ச்சிக்கொள்வது ஒன்று. கடைக்காரர் அரைத்துப் பொட்டலம் கட்டி வைத்திருக்கும் தூளை வாங்கிக்கொள்வது இன்னொன்று. உரிமம் பெற்ற நிறுவனம் தயாரித்து, சேர்மானமும் தேதியும் அச்சிட்டு விற்கும் மருந்தை வாங்குவது மூன்றாவது. இவற்றில் எது நல்லது என்று கேட்டால், பெரும்பாலோர் அவரவர் இயல்புக்கு ஏற்ற விடையைத்தான் சொல்கிறார்கள். கைப்பட இடித்ததுதான் மருந்து என்பார் ஒருவர். இடிக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்பார் மற்றொருவர். தலைமுறையாகத் தெரிந்த கடைக்காரர் கொடுத்தால் போதும் என்பவர்களும் உண்டு.

இந்தக் கேள்வியை எல்லா மருந்துக்கும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்பதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த நோய்க்கு, எந்த மூலிகை என்பதைப் போலவே, மருந்து எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். வடிவத்தைப் பார்த்துவிட்டால் வீடா, கடையா என்ற முடிவு பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். அதற்கான கோட்டையும் சித்த மருத்துவ மரபே போட்டு வைத்திருக்கிறது. உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளை அது 32 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுளைக் குறிக்கிறது. சுரசம், சாறு, குடிநீர், கற்கம், உட்களி, அடை ஆகிய ஆறுக்கும் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். மணப்பாகு, நெய், இளகம் ஆகியவற்றுக்கு 6 மாதம். எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் ஓர் ஆண்டு. அதன்பின் கணக்கு மளமளவென்று ஏறுகிறது: மெழுகுக்கு 5 ஆண்டு, செந்தூரத்துக்கு 75 ஆண்டு, பற்பத்துக்கு 100 ஆண்டு, சுண்ணத்துக்கு 500 ஆண்டு.

இந்தப் பட்டியலைப் பழம்பெருமைக்காக ஒப்பிப்பவர்கள் அதன் நடைமுறைப் பொருளைக் கவனிப்பதில்லை. 3 மணி நேரம் மட்டுமே உயிரோடு இருக்கும் மருந்தை எந்தக் கடையும் உள்ளபடியே விற்க முடியாது. அதை அடுப்படியில்தான் செய்தாக வேண்டும். 75 ஆண்டு நிற்கும் மருந்தை எந்த அடுப்படியிலும் செய்யக் கூடாது. அது உலோகமும் பாடாணம் என்னும் நச்சுக் கனிமமும் புடம் போட்டு முடிந்த சரக்கு. வீட்டுக்கும் கடைக்கும் இடையே உண்மையான போட்டி நடப்பது நடுவில் இருக்கும் சூரணத்திலும் எண்ணெயிலும்தான்.

குடிநீர்

வழக்கில் கஷாயம் என்று சொல்லப்படும் குடிநீரிலிருந்து தொடங்கலாம். சரக்கை ஒன்றிரண்டாக இடித்து, நீர்விட்டு, சிறு தீயில் காய்ச்சி, நான்கில் ஒரு பங்காகவோ எட்டில் ஒரு பங்காகவோ வற்றியதும் வடித்தெடுப்பது இது. 5 கிராம் தூளை 240 மில்லி நீரில் இட்டு 60 மில்லியாக வற்றவைப்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் அளவு. காய்ச்சும் வேலையை மூன்று வழிக்காரர்களும் வீட்டில்தான் செய்கிறார்கள் என்பதால், இங்கே ஒப்பிட வேண்டியது காய்ச்சுவதை அல்ல, பாத்திரத்தில் விழும் தூள் எங்கிருந்து வந்தது என்பதை.

நிலவேம்புக் குடிநீரை எடுத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டு டெங்குப் பரவலின்போது தமிழ்நாடு அரசு இதைப் பரவலாக வழங்கத் தொடங்கிய பிறகு இதன் பெயரை அறியாத வீடு இல்லை. ஆனால் இதில் நிலவேம்பு ஒன்பதில் ஒன்று மட்டுமே என்பதை அறிந்தவர்கள் குறைவு. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல், சுக்கு, மிளகு என்பவை அந்த ஒன்பதும். இந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு முழுச் சரக்காக வாங்கப் புறப்படுபவர் சுக்கையும் மிளகையும் தவறில்லாமல் வாங்கிவிடுவார். வெட்டிவேரை மணத்தால் அறிந்துவிடலாம். பற்படாகத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. தமிழ்நாட்டுச் சித்த மருத்துவர் பற்படாகம் என்று சொல்லும் செடி வேறு, கேரளத்தில் அந்தப் பெயரில் புழங்கும் செடி வேறு, வடஇந்தியாவில் பர்ப்படம் என்ற பெயரில் விற்கப்படுவது இரண்டுமல்லாத மூன்றாவது. மூன்றும் காய்ந்த பிறகு நொறுங்கிய சருகுக் கட்டாகவே கண்ணில் படும். கடையில் எந்த ஊர்ச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறதோ அதுவே உங்கள் பொட்டலத்திலும் விழும். சந்தனத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. விலை ஏறிய சரக்கு எதுவோ அதில்தான் கலப்படமும் முதலில் நுழையும்.

ஆகையால் ஒன்பது, பதினைந்து என்று சரக்குகள் சேரும் குடிநீர்களுக்கு என் முடிவு தெளிவானது. இடித்த கலவையை உரிமம் பெற்ற தயாரிப்பாக வாங்கி, காய்ச்சுவதை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். 15 சரக்குகள் கொண்ட கபசுரக் குடிநீருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அக்கரகாரம், கோஷ்டம், சிறுதேக்கு, வட்டத்திருப்பி ஆகியவற்றை நேரில் பார்த்து இனங்காணத் தெரிந்தவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. வாங்கும்போது ஒன்றை மட்டும் தொட்டுப் பார்க்கலாம். குடிநீருக்கான தூள் ரவை போலக் கொரகொரப்பாக இருக்க வேண்டும். மாவாக அரைத்திருந்தால் காய்ச்சும்போது அடியில் பிடிக்கும், வடிகட்டியில் தங்காது, குடிப்பவருக்குத் தெளிந்த நீருக்குப் பதில் சேறு கிடைக்கும்.

ஒற்றைச் சரக்குக் குடிநீரின் கதை முற்றிலும் வேறு. ஆடாதோடை இலை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆடு தொடாத இலை என்று பெயருக்கே விளக்கம் சொல்வார்கள். வேலியில் வளரும், நீண்ட இலையும் வெள்ளைப் பூவும் கொண்ட, ஒருமுறை காட்டிக் கொடுத்தால் மறக்காத செடி. இதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டே இருமல் மருந்தான புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. செடி கண்ணெதிரே இருக்கும்போது அதன் காய்ந்த தூளைப் பொட்டலமாக வாங்குவதில் எந்தப் பயனும் இல்லை. பறித்து, கழுவி, நறுக்கி, அரை மணி நேரம் அடுப்பருகே நின்றால் போதும். ஆனால் இது கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடிய மூலிகை என்பதால், கருவுற்றிருக்கும் பெண் உள்ள வீட்டில் பொதுக் கஷாயமாக எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்கக் கூடாது. இதே இலையைச் சர்க்கரைப் பாகில் செய்யும் ஆடாதோடை மணப்பாகு வேண்டுமென்றால் வாங்கிக்கொள்வதே மேல். பாகு பதம் இளகினால் சில நாள்களில் புளித்துவிடும், இறுகினால் கற்கண்டாகிவிடும்.

காய்ச்சும் பாத்திரம் மண் சட்டியாகவோ எவர்சில்வராகவோ இருக்கலாம். இரும்பு வேண்டாம், கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்கு இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுத்துவிடும். பழங்காலத்தில் எழுதும் மை செய்ததே அப்படித்தான். காலையில் காய்ச்சியதை மாலைக்கும் மறுநாளுக்கும் என்று குளிர்பெட்டியில் வைத்துச் சுடவைத்துக் குடிப்பது வசதியாக இருக்கலாம். ஆனால் 3 மணி நேரக் கணக்கை மதிக்காமல் வீட்டில் செய்வதற்கும் பாதுகாப்புப் பொருள் சேர்த்த புட்டியை வாங்குவதற்கும் இடையே, புட்டியே மேலானது.

குடிநீரைப் பற்றி விடக் கூடாத இன்னொன்றும் உண்டு. டெங்குவில் காய்ச்சல் தணியத் தொடங்கும் நாள்கள்தான் ஆபத்தான நாள்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, கஷாயம் வேலை செய்துவிட்டது என்று வீடு நிம்மதி அடையும் வேளையில் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, அளவுக்கு மீறிய சோர்வு இவற்றில் ஒன்று தலைகாட்டினால், தூள் வீட்டில் இடித்ததா வாங்கியதா என்பதற்கு இடமே இல்லை. மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சூரணம்

மூன்று வழிகளும் நேருக்கு நேர் மோதும் இடம் இது. சூரணம் செய்வது மிக்சியில் போட்டு அரைப்பதுதானே என்று நினைப்பவர்கள், அரைப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளைக் கேட்டால் கொஞ்சம் தயங்குவார்கள். சரக்கை முதலில் சுத்தி செய்ய வேண்டும். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது பழைய விதி: சுக்கின் மேல்தோலைச் சீவி எடுக்க வேண்டும், கடுக்காயின் உள்ளே இருக்கும் கொட்டையை நீக்க வேண்டும். பிறகு நிழலில் உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து, இடித்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். இதை வஸ்திரகாயம் செய்தல் என்பார்கள். நூல் முறைப்படி செய்பவர்கள் இதற்கு மேலும் ஒரு படி போவார்கள். சலித்த தூளைப் பாலில் பிசைந்து, பாலும் நீரும் ஊற்றிய பானையின் வாயில் துணி கட்டி, அதன்மேல் வைத்துப் பிட்டு அவிப்பதைப் போல அவித்து, மறுபடியும் உலர்த்தி, இடித்துச் சலித்துக்கொள்வது பிட்டவியல். இதைச் செய்யாமல் வீட்டில் தயாரித்த தூளைச் சூரணம் என்று சொல்வதைவிடப் பொடி என்று சொல்வதே நேர்மை.

கடுக்காயை உடைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வழியின் அருமை தெரியும். உலக்கையின் அடி நேராக விழாவிட்டால் காய் உரலிலிருந்து துள்ளி அறையின் மூலைக்கு ஓடும். கொட்டையை விட்டுத் தோல் பிரிய மறுக்கும். அரைக் கிலோ காயை உடைத்து, கொட்டை பொறுக்கி முடித்தபோது எனக்குக் கிடைத்த தோல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. விரல் நுனிகள் இரண்டு நாள் பழுப்பேறி இருந்தன. அதற்கு அடுத்த முறை, கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலைக் கேட்டு வாங்கி, தெருமுனை மாவு மில்லில் கொடுத்து அரைத்து வந்தேன். எனக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தார்கள் என்பது, இரவில் வெந்நீரில் கலந்து ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் தெரிந்தது. மில்லின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது மருந்து அரைக்கும் இடமல்ல. ஆனால் கடைப் பொட்டலத்துத் தூளும் ஏறத்தாழ இப்படிப்பட்ட இயந்திரத்தில்தான் அரைபட்டு வருகிறது என்பதை அன்றுதான் நான் யோசித்தேன்.

மூன்று வழிகளிலும் பலவீனமானது எது என்று கேட்டால், பெயரோ தேதியோ இல்லாத இந்தப் பொட்டலத் தூள்தான் என்று தயங்காமல் சொல்வேன். முழுச் சரக்கு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் நீரில் போட்டுப் பார்க்கலாம். நல்ல மிளகு அமிழும், பப்பாளி விதை மிதக்கும். பொக்கு மிளகும் மிதக்கும் என்றாலும், அதுவும் வேண்டாத சரக்குதான் என்பதால் சோதனை வீண் போகாது. சுக்கை உடைத்தால் நார் தெரியும், புழு அரித்திருந்தால் துளை தெரியும், வெளுப்பாகத் தோன்றச் சுண்ணாம்பு ஏற்றியிருந்தால் விரலில் ஒட்டும். இவை எல்லாம் தூளானதும் மறைந்துவிடுகின்றன. பூசணம் பிடித்த காயும் பூசணம் பிடிக்காத காயும் அரைத்த பின் ஒரே நிறம்தான். பூசணத்தோடு வரும் அஃப்ளடாக்சின் போன்ற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போவதில்லை.

அப்படியானால் வீட்டுத் தூளா, உரிமம் பெற்ற தூளா? இதற்கு விடை சரக்கின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சம எடையில் சேரும் திரிகடுகை வீட்டில் செய்வதே நல்லது. மூன்றும் சமையலறைக்குப் பழக்கமானவை. மூன்றிலும் போலியைக் கண்ணாலும் நாவாலும் கண்டுபிடிக்கலாம். அரைத்த அன்று எழும் மணம் நாள்பட நாள்படக் குறைந்துவிடுவதால், 50 கிராம் என்ற அளவில் அவ்வப்போது இடித்துக்கொள்ளும் வசதி வீட்டுக்கு மட்டுமே உண்டு. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேரும் திரிபலாவை, மேலே சொன்ன உலக்கை அனுபவத்துக்குப் பிறகு, நான் வாங்கிக்கொள்கிறேன். நெல்லிமுள்ளி ஈரத்தை இழுக்கும் என்பதால் மழைக்காலத்தில் வீட்டுத் திரிபலா கட்டி தட்டிவிடும் என்பதும் ஒரு காரணம். பத்துக்கும் மேற்பட்ட சரக்குகள் சேரும் சூரணங்களை வீட்டில் முயல வேண்டாம்.

பழைய குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு செய்பவர்களுக்கு அளவுகளில் ஓர் எச்சரிக்கை வேண்டும். என் பாட்டி எழுதி வைத்த தாளில் ஒரு பலம், அரைப் பலம், உழக்கு நீர், ஆழாக்காக வற்றவை என்றுதான் இருக்கிறது. இன்றைய சித்த மருந்தியல் கணக்குப்படி ஒரு பலம் 35 கிராம், ஒரு கழஞ்சு 5.1 கிராம், ஒரு வராகனெடை 4.2 கிராம், ஒரு படி 1,344 மில்லி, உழக்கு 336 மில்லி, ஆழாக்கு 168 மில்லி. கழஞ்சையும் பலத்தையும் மாற்றிப் படித்தால் மருந்து ஏழு மடங்காகிவிடும். சுக்கில் அது நெஞ்செரிச்சலோடு போய்விடலாம். எல்லாச் சரக்கிலும் அப்படிப் போகாது. வீட்டு வழியைத் தேர்பவர் முதலில் வாங்க வேண்டியது மூலிகையை அல்ல, கிராம் காட்டும் ஒரு சிறு தராசை.

தைலம்

எண்ணெயில் வீட்டு வழிக்கு ஓர் எதிர்பாராத வலிமை உண்டு: அடிப்படை எண்ணெயை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். கடைத் தைலத்தில் நல்லெண்ணெய் என்று எழுதியிருப்பது எந்த எண்ணெய் என்பதை முகர்ந்து மட்டும் சொல்ல முடியாது. வீட்டில் செக்கில் ஆட்டிய எண்ணெயை ஊற்றினால் அந்தச் சந்தேகம் எழாது. பலவீனமும் அதே அளவுக்கு உண்டு. அதன் பெயர் ஈரம்.

கரிசலாங்கண்ணித் தைலம் பலர் வீட்டில் முயலும் ஒன்று. வெள்ளைப் பூ, மஞ்சள் பூ என்று இரண்டு கரிசாலை உண்டு. தலைக்குத் தேய்க்கப் பெரும்பாலோர் எடுப்பது வெள்ளைப் பூவுடையது. இலையை இடித்துச் சாறு பிழிந்து, எண்ணெயோடு சேர்த்துச் சிறு தீயில் காய்ச்சும்போது, சாற்றிலிருக்கும் நீர் முழுவதும் ஆவியாக வேண்டும். அடியில் தங்கும் கல்கம் என்னும் வண்டல் முதலில் சேறு போலிருக்கும், பிறகு விரலில் உருட்டினால் மெழுகு போலத் திரளும், அதையும் தாண்டினால் மணல் போல உதிரும். மெழுகுப் பதத்தில் கொஞ்சத்தை எடுத்துத் திரியாகத் திரித்துத் தீயில் காட்ட வேண்டும். சடசடவென்று வெடித்தால் நீர் இன்னும் இருக்கிறது. ஓசையில்லாமல் எரிந்தால் இறக்கலாம். நான் முதன்முறை செய்தபோது நுரை அடங்கியதையே பதம் என்று நம்பி இறக்கிவிட்டேன். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தபோது நனைந்த கோணிப்பையின் வாடை அடித்தது. இரண்டாம் முறை, சூடேறிய எண்ணெயில் சாற்றை ஊற்றப்போய்ச் சட்டி பொங்கி அடுப்பு முழுவதும் வழிந்தது. சாற்றையும் எண்ணெயையும் ஆறிய நிலையிலேயே ஒன்றாக்கி, பாதிக்கு மேல் நிரம்பாத அகன்ற வாணலியில் வைக்க வேண்டும் என்பதை அந்த அடுப்பைத் துடைத்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டேன்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், தலைக்குத் தேய்க்கும் ஒற்றை மூலிகை எண்ணெயை வீட்டில் செய்யலாம் என்பதே என் கருத்து. பதம் தவறினால் இழப்பு ஒரு புட்டி எண்ணெயோடு முடிந்துவிடும். சுக்குத் தைலம், அரக்குத் தைலம் போன்ற நூல்முறைத் தைலங்களை வாங்கிக்கொள்ளலாம். உள்ளுக்குச் சாப்பிடும் எண்ணெய்களை, குறிப்பாகப் பேதிக்கானவற்றை, வீட்டில் செய்ய வேண்டாம். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு நாள்கணக்கில் வெளியே வைத்துப் பயன்படுத்தும் பழக்கம் சில வீடுகளில் பரவியிருக்கிறது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் ஈரமான பூண்டு இருப்பது பாட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரிக்கு ஏற்ற இடம் என்பதால், இதை அறவே விட்டுவிட வேண்டும்.

பற்பம், செந்தூரம், மெழுகு பற்றிப் பேச அதிகமில்லை. பாதரசம், கந்தகம், தாளகம் என்னும் ஆர்சனிக் கனிமம், சேராங்கொட்டை என்று தொடங்கும் எதையும் வீட்டு அடுப்பில் ஏற்றக் கூடாது. வாங்குவதாக இருந்தாலும் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது.

வாங்குவது என்று முடிவு செய்தால்

இந்தியாவில் சித்த மருந்துகளை விற்பனைக்குத் தயாரிப்பது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்துக்கு உட்பட்டது. அதன்படி உறையில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், சேர்மானப் பட்டியல் ஆகியவை இருந்தாக வேண்டும். நச்சுச் சரக்கு சேர்ந்த மருந்தில் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்கும். உறையைத் திருப்பிப் பார்க்கும் அரை நிமிடத்தில் இரண்டாவது வழிக்கும் மூன்றாவது வழிக்கும் உள்ள முழு வேறுபாடும் தெரிந்துவிடும். நீரிழிவை அடியோடு தீர்க்கும் என்று உறையிலோ விளம்பரத்திலோ எழுதியிருந்தால் அதைக் கீழே வைத்துவிடலாம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் அத்தகைய விளம்பரத்தையே தடைசெய்கிறது, சட்டத்தை மதிக்காதவர் சேர்மானத்தை மதித்திருப்பார் என்று நம்ப இடமில்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு வேறு வாய்ப்புகளும் உண்டு. 1944இல் தொடங்கப்பட்டுத் திருவான்மியூரில் இயங்கும் இம்காப்ஸ், சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்களின் கூட்டுறவு நிறுவனம். டாம்ப்கால் என்று அழைக்கப்படும் அரசு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டு, அரசு மருத்துவமனைகளுக்குச் சித்த மருந்துகளைத் தயாரித்துக் கொடுக்கிறது. அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளிலும், தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவமனையிலும் மருத்துவரைப் பார்த்து மருந்து பெறலாம். இந்த வழியின் பெரிய நன்மை மருந்தைவிட, நாடி பார்த்து, வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்பதில் இருக்கிறது.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், மூலிகை வேறு மருந்தோடு சேரும்போது தனியாக வேலை செய்வதில்லை. அதிமதுரம் நாள்பட எடுத்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றி, உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், குடல் மற்ற பொருள்களை உறிஞ்சும் அளவை மாற்றக்கூடியது. திரிகடுகை மற்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்த மரபுக்கு அதுவே காரணமாக இருக்கலாம், அலோபதி மாத்திரை சாப்பிடுபவர் கவனமாக இருக்க வேண்டிய காரணமும் அதுவே. கசப்புச் சரக்குகள் சர்க்கரையைக் குறைக்கும் என்பது உண்மையாகும்போது, ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு அது அளவுக்கு மீறித் தாழவும் கூடும். கைக்குழந்தைகளுக்கு இந்த ஒப்பீட்டையே நான் செய்வதில்லை. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது; ஒரு வயதுக்குள் தேனும் ஆகாது. உரைமருந்து வீட்டில் உரைத்ததா, புட்டியில் வந்ததா என்பது அங்கே இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

கொரோனா காலத்தில் சீந்தில் கொடியை வைத்து நடந்த விவாதம் இந்த மூன்று வழிகளையும் ஒருசேர நினைவுக்குக் கொண்டுவந்தது. சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்காமல், சீந்திலைப் போலவே தோன்றும் அதே பேரினத்தின் வேறொரு கொடியை எடுத்திருந்தால் தீங்கு நேரலாம் என்று விளக்கியது. யார் பக்கம் நியாயம் இருந்தாலும், அத்தகைய நோயாளியின் முன் அமரும் மருத்துவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: என்ன சாப்பிட்டீர்கள்? உரிமம் பெற்ற மருந்தை வாங்கியவர் உறையை நீட்டலாம். வீட்டில் செய்தவர் மிச்சமிருக்கும் தண்டையும், எத்தனை கிராம், எத்தனை நாள் என்று எழுதிய தாளையும் கொண்டு வரலாம். கொடி வேலியில் இருந்தால் ஓர் இலையையும் பறித்து வரலாம். பொட்டலத் தூளை வாங்கியவரிடம் மடித்த காகிதமும் கடை இருக்கும் தெருவின் பெயரும்தான் இருக்கும்.